லேஞ்சியில் ஏலக்காய்

கிளிநொச்சியில் நான் நடத்தும் அழகு நிலையத்தில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. அதன் மேல் தட்டில் மண்ணிறச் சின்னப் போத்தல்களில் வாசனை எண்ணெய்கள் வைத்திருக்கிறேன். லவண்டர், தோடம்பழத் தோல், எலுமிச்சம்புல், யூகலிப்டஸ். கொழும்பில் இதைப் படித்த காலத்திலும், பிறகு தெற்கே ஒரு கடற்கரை ஹோட்டலில் வெள்ளைக்காரருக்கு மசாஜ் செய்த காலத்திலும் இந்தப் போத்தல்களோடுதான் என் சீவியம் போனது. ஊருக்குத் திரும்பிச் சொந்தமாகக் கடை போட்டபோது, புருவம் எடுக்கவும் கலியாணப் பெண்ணைச் சோடிக்கவும் வருகிற சனத்துக்கு இவற்றையும் பழக்கிவிடலாம் என்று நினைத்தேன். நினைக்கிறதுக்கு என்ன, எதையும் நினைக்கலாம்.

அந்த வரிசையில் ஒருவரும் சீண்டாமல் கிடந்தது ஏலக்காய் எண்ணெய். ஏலக்காய் விதையை நீராவியில் வடித்து எடுப்பது. மூடியைத் திறந்தால் முதலில் ஒரு இனிப்பு, அதற்குப் பின்னால் ஒரு காரம், கடைசியில் மூக்குக்குள் ஏறும் ஒரு குளிர்ச்சி. ஹோட்டலில் வெள்ளைக்காரிகள் இதற்கு உயிரை விடுவார்கள். கண்ணை மூடி மூச்சை இழுத்து, தியானம், அமைதி என்று என்னவோவெல்லாம் சொல்வார்கள். எங்கள் சனத்துக்குத் தியானமாவது மண்ணாங்கட்டியாவது. ஏலக்காய் என்றால் பொங்கலுக்குப் பொங்கும் சர்க்கரைப் புக்கை, அவ்வளவுதான். முதன்முதலில் அதைத் தேங்காய் எண்ணெயில் சில துளி கலந்து வங்கியில் வேலை செய்யும் ஒரு பிள்ளையின் தோளில் தேய்த்தேன். "அக்கா, என்னைப் புக்கைப் பானைக்குள்ள இறக்கின மாதிரிக் கிடக்கு" என்றாள். அதற்குப் பிறகு ஒரு ஆசிரியை வயிறு ஊதிக் கிடக்கிறது என்று வந்தா. அதே கலவையை இளஞ்சூட்டில் வயிற்றைச் சுற்றி மெதுவாகத் தடவிவிட்டேன். நல்ல பெரிய ஏவறை ஒன்று விட்டுவிட்டு எழும்பி, "சுகமாக் கிடக்கு பிள்ளை, ஆனா பசிக்குது" என்று சொல்லி நேரே எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடைக்குள் போனா. எனக்கு மூக்குநுனியில் கோபம். கஷ்டப்பட்டுப் படித்த படிப்பு தேத்தண்ணிக் கடைக்கு ஆள் அனுப்பத்தானா என்று அன்று முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தேன்.

என் தங்கை முல்லைத்தீவுக் கரையில் இருக்கிறாள். எங்களுக்குள் வயது வித்தியாசம் பெரிதாக இல்லை, சண்டைக்கும் குறைவில்லை. தாய் தகப்பன் போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அவளுடைய மனுசன் கடற்றொழில். அவரை நான் மச்சான் என்றும் அவர் என்னை மச்சாள் என்றும் கூப்பிடுவோம். அவர் பிடித்து வருவதில் விற்றது போக மிச்சத்தை அவள் வெட்டி, உப்பிட்டு, கருவாடு போடுவாள். அவர்களின் வீட்டு வாசலில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கருவாட்டுப் பந்தல். நான் போய்த் திரும்பினால் என் சட்டையை இரண்டு தரம் தோய்க்க வேண்டும். அவளுக்கு அந்த மணம் மணமாகவே தெரியாது. "எங்க அக்கா மணக்குது?" என்று உண்மையாகவே கேட்பாள்.

அவளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. யாழ்ப்பாணத்தில் வைத்து வெட்டி எடுத்தார்கள். அதோடு முடிந்தது என்று நாங்கள் மூச்சு விட, இனி சில வாரங்களுக்கு ஒருக்கால் வந்து மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். கையில் ஊசியைக் குத்தி, கதிரையில் சாய்த்து வைத்து, துளித்துளியாக உள்ளே விடுவார்களே, அந்த மருந்து. இடையில் விடாமல் எல்லாவற்றையும் ஏற்றி முடித்தால்தான் நல்லது என்று டொக்டர் திட்டமாகச் சொன்னார். தங்கை தலையை ஆட்டினாள். அவள் தலையை ஆட்டினால் அதில் பாதிதான் ஓம் என்று எனக்குத் தெரியும்.

முதல் மருந்து ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போன அன்றே அவளுக்கு மீன் மணம் ஆகாமல் போய்விட்டது. கலியாணம் கட்டின நாள் முதல் அந்த மணத்துக்குள் கிடந்தவள், இப்போது ஒரு சூடை மீன் வாசலைத் தாண்டினால் குமட்டிச் சத்தி எடுத்தாள். மச்சான் பந்தலைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கரையின் அடுத்த அந்தத்தில் நட்டார். யன்னலைச் சாத்தினார். ஆனால் தன்னை எங்கே கொண்டுபோய்ச் சாத்துவது? கடலால் வந்து கிணற்றடியில் சவுக்காரம் கரையும்மட்டும் தேய்ப்பார், தேசிக்காயால் உரஞ்சுவார், வேறு உடுப்பு மாற்றுவார். அறை வாசலில் அவர் தலை தெரியும்போதே அவள் வாயைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிவிடுவாள்.

"அவரில மணக்குதக்கா" என்று தொலைபேசியில் அழுதாள். "எவ்வளவு தேய்ச்சாலும் மணக்குது. வா எண்டு கூப்பிடவும் ஏலாமக் கிடக்கு, போ எண்டு சொல்லவும் ஏலாமக் கிடக்கு."

மச்சான் தானே ஒதுங்கிக்கொண்டார். பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு, வலை போட்டு வைக்கும் வாடிக் கொட்டிலுக்குப் படுக்கப் போய்விட்டார்.

அடுத்த மருந்துக்கு முதல்நாள் அவள் என் வீட்டுக்கு வந்து தங்கினாள். அதுதான் ஏற்பாடு. கரையில் இருந்து கிளிநொச்சி, ஒரு இரவு என்னோடு, காலமை இரண்டு பேருமாக யாழ்ப்பாணப் பஸ். பஸ்ஸால் இறங்கி வந்தவள் பாதியாகிப் போயிருந்தாள். சட்டை தோளில் தொங்கியது. மறுநாள் ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்து, இரத்தமும் சோதித்து, இந்த நிலையில் ஏற்ற ஏலாது, சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு அடுத்த கிழமை வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயப்படுத்தியது.

வீட்டுக்கு வந்ததும் நான் பருப்பைக் குழைய அவித்துச் சோற்றோடு பிசைந்து கொண்டுபோனேன். அவள் சோற்றுக் கோப்பையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பருப்போ? உனக்கென்ன விசரே அக்கா?"

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போர் முடிந்து எங்களை அடைத்து வைத்த முகாமில் இருந்த காலத்தில் காலமையும் பருப்பு, மத்தியானமும் பருப்பு, இரவும் பருப்பு. வெளியே வந்த நாள் முதல் அவளுடைய குசினியில் பருப்பு அவிந்ததில்லை. அந்த மணம் பட்டால், கொட்டிலும் முட்கம்பியும் வரிசையும் கண்ணுக்குள் வந்து நிற்குமாம். எனக்கும் அதே முகாம்தான், அதே பருப்புத்தான். ஆனால் நான் பருப்பில்லாமல் சோறு தின்ன மாட்டேன். ஆருக்கு எது ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல ஏலாது.

கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவள் சொன்னாள், "நான் இனிப் போகேல்லையக்கா. வெட்டித்தானே எடுத்தவை. அது காணும்."

"என்ன காணும்? டொக்டர் சொன்னது காதில விழேல்லையோ?"

"ஏத்துறது நானோ நீயோ? எனக்கு ஏலாது. வாறது வரட்டும்."

"வரட்டுமோ? வந்தா உன்ர மனுசன் வாடிக்குள்ளயே கிடந்து சாகட்டுமோ? எனக்கு ஆர் இருக்கினம்? கதைக்கிறா பார், பெரிய கதை."

எனக்கு அவ்வளவுதான் தெரியும். பயம் வந்தால் ஏசிப் பேசத்தான் வரும். பேசிவிட்டுக் குசினிக்குள் போய், அவளுக்குக் கேட்காமல் இருக்கத் தண்ணீர்ப் பைப்பைத் திறந்து விட்டு அழுதேன். அவள் இல்லாவிட்டால் நான் ஆரோடு சண்டை பிடிப்பேன்?

முகத்தைக் கழுவிவிட்டுப் பால் விடாத பிளேன்ரீ ஒன்று போட்டேன். கைப்பழக்கத்தில் ஒரு ஏலக்காயைத் தட்டி அதற்குள் போட்டேன். போட்ட பிறகுதான், ஐயோ, இந்த மணத்துக்கும் சத்தி எடுக்கப் போகிறாளே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"என்னக்கா அது மணக்குது?" அறைக்குள் இருந்து குரல் வந்தது.

"ஒண்டுமில்லை. ஏலக்காய். வெளியில ஊத்திவிடுறன்."

"வேண்டாம். அது பரவாயில்லை. இஞ்ச கொண்டு வா."

அவள் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. கோப்பையை முகத்துக்கு நேரே பிடித்து ஆவியை இழுத்துக்கொண்டு கனநேரம் இருந்தாள். தோள் இறங்கியது. பிறகு நான் கேட்காமலே, கொஞ்சம் கஞ்சி இருந்தால் தா என்றாள்.

மறுநாள் கடை அலுமாரியில் இருந்து அந்தப் போத்தலை எடுத்து வந்தேன். ஏலக்காய் எண்ணெயைக் குமட்டலுக்கு முகரக் கொடுக்கலாம் என்பது நான் படித்த சங்கதிதான். ஆனால் படித்ததை ஹோட்டலில் வாந்தி வராத ஆட்களிடம் காட்டியதற்கும், மருந்து ஏறுகிற உடம்பில் காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆஸ்பத்திரித் தாதிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். முகருவதில் பிழையில்லை, குடிக்கக் கொடுக்க வேண்டாம், மேலில் பூச வேண்டாம், சத்திக்கு விழுங்கத் தந்த குளிசையை மட்டும் விடக் கூடாது என்றா. சரி என்று தொடங்கினேன். முதலில் லவண்டரைக் கலந்து பார்த்தேன். "சவுக்காரப் பெட்டிக்குள்ள தலையை விட்ட மாதிரிக் கிடக்கு" என்று எறிந்துவிட்டாள். தோடம்பழத்தோடு சேர்த்தேன். அதுவும் வேண்டாம், தனி ஏலக்காயைத் தா என்றாள். ஒரு பருத்தி லேஞ்சியின் நடுவில் இரண்டு துளி விட்டு மடித்துக் கொடுத்தேன். கைக்குட்டையைத்தான் நாங்கள் லேஞ்சி என்போம். தோலில் படாமல் மூக்குக்குக் கொஞ்சம் எட்டப் பிடித்து, மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொன்னேன்.

"உன்ர கண்டறியாத படிப்பு இதுக்காவது உதவுதே" என்றாள். அவள் நக்கல் அடிக்கிறாள் என்றால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

அவளை ஓம் என்று சொல்ல வைத்தது நானா, லேஞ்சியா என்று தெரியாது. ஒருதரம் போய்ப் பார்ப்பம், ஏலாட்டி விடுவம் என்றாள். பஸ்ஸில் டீசல் மணம், முன் இருக்கையில் ஆரோ பிரித்த மீன் ரோல்ஸ், யன்னலைப் பூட்டச் சொல்லி ஒரு கிழவனார். ஆனையிறவு வரும்வரை நான் பையை விரித்துப் பிடித்தபடியே இருந்தேன். அவள் லேஞ்சியை விரித்து, மடித்து, முகர்ந்து, உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மருந்துக் கதிரையிலும் அது அவள் கையில் இருந்தது. ஊசி குத்தும்போது ஒருக்கால், மருந்துப் பையை மாற்றும்போது ஒருக்கால், பக்கத்துக் கதிரை மனுசி சத்தி எடுத்தபோது நெடுநேரம். அன்று பின்னேரம்வரை அவள் சத்தி எடுக்கவில்லை. எண்ணெய் எல்லாவற்றையும் நிற்பாட்டியது என்று நான் சொல்ல மாட்டேன். பிறகும் எடுத்தாள், நாள்கணக்கில் சோர்ந்து கிடந்தாள். குளிசை குளிசையின் வேலையைச் செய்தது. லேஞ்சி செய்தது ஒன்றுதான். அந்தக் கதிரையில் போய் இருக்க அவளுக்கு ஒரு பிடிமானம் கொடுத்தது. எனக்கு அது காணும்.

வீட்டில் வைத்துக்கொள் என்று ஒரு சின்னப் போத்தலையும் கொடுத்து அனுப்பினேன். அங்கேதான் மச்சானின் கூத்து நடந்தது.

ஒரு சனிக்கிழமை சாமான்களோடு அவளைப் பார்க்கப் போனேன். பஸ்ஸால் இறங்கிக் கரைவழியே நடந்தபோது, வலை தட்டிக்கொண்டிருந்த ஆட்கள் என்னைக் கண்டு சிரித்தார்கள். "மச்சான்காரன் கரைக்கு வரமுன்னம் புக்கை மணம் வருதக்கா" என்றான் ஒருவன். "நாலு மைலுக்கு அங்கால நிக்கிற மீனுக்கும் பசிக்குதாம்" என்றான் இன்னொருவன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டு முற்றத்தில் மச்சான் வேலிப் பக்கம் திரும்பி நின்று கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். சேட்டைக் கழற்றச் சொன்னேன். கழுத்து, நெஞ்சு, கமக்கட்டு எல்லாம் செக்கச் செவேலென்று தடித்துக் கிடந்தது. கிட்டப் போனால் மீனும் ஏலக்காயும் சேர்ந்து ஒரு மணம். இத்தனை வருசம் இந்தத் தொழிலில் எவ்வளவோ மணங்களைக் கலந்திருக்கிறேன். அப்படி ஒன்றை என் மூக்கு கண்டதில்லை.

"என்ன மச்சான் செய்தனீங்கள்?"

"அந்த எண்ணெயில கொஞ்சம் பூசினனான் மச்சாள்."

"கொஞ்சமோ?"

"பாதிப் போத்தல்."

கடலால் வந்து குளித்துவிட்டு, நல்லெண்ணெய் வைக்கிற மாதிரி உள்ளங்கையில் ஊற்றி உடம்பு முழுக்கத் தேய்த்திருக்கிறார். துளிக்கணக்கில் கலந்து பாவிக்கிற சாமான், தனியே பூசினால் தோல் எரிந்துவிடும் என்று நான் தங்கைக்குப் படித்துப் படித்துச் சொன்னேன். அவருக்கு ஆர் சொன்னது? தேங்காய் எண்ணெயை எடுத்துப் பஞ்சால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். துடைக்கத் துடைக்கப் பேசினேன். உங்களுக்கு மூளை கீளை இருக்கோ, இது என்ன பவுடரோ, கண்ணில பட்டிருந்தா என்ன செய்வியள். அவர் சின்னப்பிள்ளை போலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"வாடிக்குள்ள தனியப் படுக்க ஏலாமக் கிடக்கு மச்சாள்" என்றார், நான் பேசி முடிந்த பிறகு. "அவள் உள்ளுக்க கிடந்து சத்தி எடுக்கிற சத்தம் கேக்குது. போய்த் தலையைப் பிடிக்க ஏலாது. நான் போனா இன்னும் கூட வருது. அவளுக்குப் பிடிச்ச மணம் எண்டு சொன்னவள். அதுதான் பூசினனான்."

பஞ்சை மாற்றுகிற சாட்டில் மற்றப் பக்கம் திரும்பினேன்.

அப்போது அறை யன்னல் திறந்தது. தங்கை எட்டிப் பார்த்தாள். எண்ணெய் வழிய நின்ற மனுசனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "கருவாட்டுப் புக்கை" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தாள். மருந்து தொடங்கிய பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. மச்சானும் சிரித்தார், கழுத்தைச் சொறிந்துகொண்டு.

அன்றைக்குப் பிறகு அவர் எண்ணெயைத் தொடவில்லை. வேறு வழி கண்டுபிடித்தார். கடலில் காற்றுப் பார்க்கிற மனுசனுக்கு முற்றத்தில் பார்க்கத் தெரியாதா? அவளை வேப்பமரத்துக்குக் கீழே கதிரையில் இருத்திவிட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, தன் மணம் அவளுக்குப் போகாத பக்கமாகத் தன் கதிரையைப் போடுவார். காற்றுத் திரும்பினால் கதிரையைத் தூக்கிக்கொண்டு அவரும் சுற்றுவார். கொஞ்சம் எட்ட இருந்து சத்தமாகக் கதைப்பார். இன்றைக்கு என்ன பட்டது, ஆருடைய இயந்திரம் பழுது, ஆர் ஆரோடு கோபம். அவள் லேஞ்சியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். பின்னேரத்தில் மரத்தைச் சுற்றி மண்ணில் கதிரைக்கால் தடம் வட்டமாக இருக்கும்.

ஒவ்வொரு தரமும் ஏலாது என்றாள், ஒவ்வொரு தரமும் பஸ் ஏறினாள். லேஞ்சிக்கு இரண்டு துளி விட்டுக் கொடுப்பது என் வேலை. போத்தலின் அடியைக் கண்டபோது மருந்தும் முடிந்தது. கடைசி நாள் கதிரையை விட்டு எழும்பும்போது, அந்தக் கதிரைக்கு அவள் ஒரு தட்டுத் தட்டினாள். எழும்படி போவம் என்று நான் அவசரப்படுத்தினேன். அங்கே நின்றால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

மச்சான் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். மருந்தெல்லாம் சுகமாக ஏற்றி முடிந்தால், கரையில் இருக்கிற சின்ன மாதா கோயிலடியில் சர்க்கரைப் புக்கை பொங்கி எல்லாருக்கும் கொடுக்கிறதாக. அவளுக்கு முடி கறுப்பாக அரும்பி, முகத்தில் சதை பிடித்த பிறகு ஒரு நாள் குறித்தோம். பொங்கும் பொறுப்பை நான் பிடுங்கிக்கொண்டேன். வேறு ஆரிடமும் விடுகிற குணம் எனக்கில்லை. புதுப்பானை, சிவத்தப் பச்சையரிசி, சர்க்கரை, தேங்காய் முதற்பால். ஏலக்காயைக் கை நிறைய அள்ளி இடித்தேன். இவ்வளவு எதற்கு என்று ஒரு மனுசி கேட்டா. இதுதானே எங்களைக் கரை சேர்த்தது, தாராளமாய்ப் போடுவம் என்றேன். பானையைச் சுற்றி நாலு வளவுக்கு மணந்தது. மச்சான் அன்றைக்கும் விடிய முதல் கடலுக்குப் போயிருந்தார். வந்த சனத்துக்கு மத்தியானச் சோற்றுக்குக் கறிமீன் வேண்டும், தன் கையால் பிடித்துத்தான் போட வேண்டும் என்று நின்றார்.

சுவாமியார் செபம் சொல்லி முடித்தார். முதல் அகப்பையைத் தங்கைதான் எடுத்து வாழையிலையில் வைக்க வேண்டும். நல்ல நீலச் சேலை உடுத்து, முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். நான் பானை மூடியைத் திறந்தேன். ஆவி அவள் முகத்தில் அடித்தது. அகப்பையை அப்படியே விட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பூவரச மரத்தடிக்கு ஓடிப்போய்ச் சத்தி எடுத்தாள்.

ஆரோ ஒரு மனுசி செபமாலையை எடுத்து வாய்க்குள் தொடங்கினா. "திரும்ப வந்திட்டுதோ" என்று பின்னால் ஒரு குரல் மெல்லக் கேட்டது. ஒரு பெடியன் மச்சானைக் கூட்டிவரக் கரைப்பக்கம் ஓடினான். என் கையில் பானை மூடி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மாதாவே, இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு இப்பவோ என்று மனம் கத்தியது.

அவளைப் பிடித்துக் கோயில் படியில், பானைக்கு எட்டத்தில் இருத்தினேன். தண்ணீர் கொடுத்தேன்.

"எப்ப தொடங்கினது? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஒண்டும் தொடங்கேல்லையக்கா." அவள் வாயைத் துடைத்தாள். "அந்த மணம்."

"எந்த மணம்? இன்னும் ஒருத்தரும் மீன் கொண்டு வரேல்லையே."

"மீனில்லை. ஏலக்காய்." என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு மண்ணைப் பார்த்தாள். "மூடியைத் திறக்க அந்தக் கதிரையில கொண்டுபோய் இருத்தின மாதிரிக் கிடந்தது. ஊசி, மருந்துப் பை, பக்கத்து மனுசி, எல்லாம் வந்திட்டுது. கடைசி இரண்டு தரமும் லேஞ்சியைப் பிடிச்சாலே குமட்டினது. நீ பாவம், விழுந்து விழுந்து செய்தனி. அதுதான் சொல்லேல்லை."

அவள் என் கையைத் தட்டினாள்.

"பருப்புக்குப் பக்கத்தில ஏலக்காயையும் வைச்சாச்சு. அவ்வளவுதான். உன்ர எண்ணெயில பிழையில்லை."

பிறகு கிளினிக்குக்குப் போனபோது எல்லாம் பார்த்துவிட்டு, வருத்தம் திரும்ப வரவில்லை, இப்படிக் கன பேருக்கு மருந்தோடு ஒரு மணம் ஒட்டிக்கொள்வது உண்டு என்றுதான் சொன்னார்கள். இப்போது என் கடைக்கு ஆராவது மருந்து ஏற்றுகிற ஆளுக்கென்று எண்ணெய் கேட்டு வந்தால், உங்கள் வீட்டில் ஆசையாகச் சமைக்கிற எதிலும் இல்லாத மணமாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் அன்றைக்கு எங்களுக்குக் கிளினிக்கும் இல்லை, தாதியும் இல்லை. அவள் சொன்ன சொல் ஒன்றுதான் இருந்தது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பானைப் பக்கத்துக் காற்று மாறியதும் அவளுக்கு முகம் தெளிந்தது. தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

கரைப்பக்கமிருந்து மச்சான் ஓடி வந்தார். வலை இழுத்த கையோடு ஓடி வந்த கோலம். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார், சேட்டு நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, கையெல்லாம் செதில். கோயில் படியில் அவள் இருப்பதைக் கண்டதும் நின்றார். மூச்சு வாங்கியது. பிறகு பழக்கத்தில் அண்ணாந்து கோயில் கொடி எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போய், எட்டத்தில் நின்றார்.

"என்னடியப்பா செய்யுது?" என்று அங்கிருந்து கேட்டார்.

"ஒண்டுமில்லை. ஏன் அங்க நிக்கிறியள்?"

"குளிக்கேல்லை. மணக்கும்."

"மணக்கட்டும். இஞ்ச வாங்கோ."

அவர் நம்பவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஒவ்வொரு அடியாக வந்து, படியில் அவளுக்குக் கொஞ்சம் இடம் விட்டு இருந்தார். அவள் அந்த இடத்தையும் விடவில்லை, கிட்ட நகர்ந்து இருந்தாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க, அவருடைய நனைந்த சேட்டின் முனையைப் பிடித்து, லேஞ்சியைப் பிடிக்கிற மாதிரியே மூக்கில் வைத்து, மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டாள்.